சும்மா கிடக்கிற தண்ணீரா அது?

மயாமியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். பின்னால் ராட்சத விசிறி வைத்த ஏர்போட், எல்லோர் காதிலும் அடைப்பான், தூரத்தில் ஒரு முதலை. 'எவர்கிளேட்ஸ் பார்த்தாச்சு' என்பார்கள். மன்னிக்கவும், நீங்கள் பார்க்கவில்லை. அரை மணி நேரம் இரைச்சல் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டுமானால் கனோவில் போகணும். எவர்கிளேட்ஸ் சிட்டியிலிருந்து ஃபிளமிங்கோ வரை 99 மைல் நீர்ப்பாதை இருக்கிறது. துடுப்புப் போட்டுப் போனால் எட்டு நாளாவது ஆகும். குளிர்காலம்தான் தோது, மற்ற மாதங்களில் கொசு பிடுங்கிவிடும். அலையாத்திக் காட்டில் தரையே கிடைக்காத இடங்களில், தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கூரை போட்ட மரப் பரண்தான் ராத்திரிக்கு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி. பெயர் 'சிக்கி', அந்த மண்ணின் செமினோல் பழங்குடிகள் தங்கள் வீட்டைச் சொல்லும் பெயர். ஆணி அடிக்கக் கூடாது. குடிதண்ணீர் தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன். எட்டு நாளைக்கு முப்பது லிட்டர். அத்தனையும் நீங்களேதான் கொண்டுபோகணும், சுற்றிலும் இருப்பது உப்புத் தண்ணீர். மெல்லிய கேன் என்றால் ரக்கூன் கடித்துக் குடித்துவிடும்.

'எதுக்கு சார் இந்த அவஸ்தை?' என்கிறீர்களா? அந்த ஊர் நகர்வதே அந்த வேகத்தில்தான். ஒகிச்சோபி ஏரியிலிருந்து தெற்கே கடல் வரை மைலுக்கு இரண்டு மூன்று அங்குலம்தான் சரிவு. தண்ணீர் ஓடுவதே தெரியாது. தெரியாததால்தான் 'தேங்கிக் கிடக்கும் சேறு' என்று முடிவுகட்டினார்கள். 1905-ல் கவர்னரான பிரவார்ட், வடித்துக் காயவைப்பதாகச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். கால்வாய் வெட்டினார்கள், கரும்பு நட்டார்கள், ஊர் கட்டினார்கள். பாதி போச்சு. அது புல்லுக்கு நடுவே நகரும் ஆறு என்று மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் 1947-ல் புத்தகம் போட்டுப் புரியவைக்க வேண்டியிருந்தது.

வளைந்து ஓடிய கிஸிம்மி ஆற்றை 1960-களில் நேராக்கினார்கள். 103 மைல் 56 ஆனது. அதில் ஒரு பகுதியை மறுபடி வளைத்து முடித்தது 2021-ல். கெடுக்க ஒரு செலவு, திருத்த அதைவிடப் பெரிய செலவு. இரண்டும் ஜனங்கள் கட்டிய வரிப்பணம்!

இதோடு விட்டார்களா? 1968-ல் அங்கே பிரமாண்ட விமான நிலையம் கட்டக் கிளம்பினார்கள். எதிர்ப்பு வந்து, ஒரே ஒரு ஓடுபாதையோடு நின்றது. 2025 ஜூலையில் அதே ஓடுபாதையில், குடியேறிகளை அடைத்துவைக்க முகாம் திறந்தார்கள். சுற்றிலும் முதலை, வேலியே வேண்டாம் என்று பெருமை வேறு. பக்கத்திலேயே குடியிருக்கும் மிக்கோசுக்கி பழங்குடிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். யாருமில்லாத இடம் என்றால், அவர்கள் யார்?

'சும்மா கிடக்குது' என்று ஒரு இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் போதும், வேண்டாததையெல்லாம் அங்கே தள்ளலாம். எவர்கிளேட்ஸ் 1987-ல் சேர்ந்த ராம்சார் பட்டியலில் நம்ம பள்ளிக்கரணையும் 2022-ல் சேர்ந்தது. அங்கே நாம் தள்ளியது என்னவென்று பெருங்குடி பக்கம் போனால் மூக்கே சொல்லும்.

எட்டு நாள் முடியாது, முட்டிவலி என்பீர்கள். சரி, ஒரு காலைப்பொழுது போதும். அடுத்த தடவை மயாமி போனால் ஏர்போட் டிக்கெட் வாங்காதீர்கள். வாடகைக்குக் கனோ எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசாமல் இருங்கள். தண்ணீர் சும்மா இருக்கிறதா என்று ஊருக்கு வந்து எனக்கு எழுதுங்கள்.