போகத்துக்கு ஒருக்கா அறவிடுங்கோ

மென்பொருளுக்கு எல்லை இல்லையாம். தென்காசிக் கிராமத்தில இருந்து ஸோஹோ உலகத்துக்கே விக்குதாம். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு வன்னிப் பெடி பெட்டையளுக்குச் சொல்லுற கதை இது. பாதிக் கதை. ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பனிகளுக்கு மென்பொருள் விற்றுக் காலூன்றி, 2011இல்தான் தென்காசிக்குப் போனது. முதல்ல காசு, பிறகுதான் கிராமம்.

எல்லை இருக்கு. உலகமெங்கும் சந்தா அறவிடப் பாவிக்கிற ஸ்ட்ரைப், இலங்கையில் பதிந்த கம்பனிக்குக் கணக்குத் தருவதில்லை. லண்டனில மாமா இருக்கிறவன் அவர் பெயரில் கம்பனி பதிவான். மாமா இல்லாதவன் சுத்துவழி தேடி அலைவான்.

சரி, உள்ளூரில விப்பம் எண்டால் மாதச் சந்தா எண்டு தொடங்குறம். ஆரிட்ட? உரக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் காசு புழங்குறது காலபோக, சிறுபோக அறுவடையோடதான். கிளிநொச்சியில் சிறுபோகமும் இரணைமடுத் தண்ணியைப் பொறுத்தது. இடையில மாதாமாதம் கேட்டால் விட்டிட்டுப் போவினம். மென்பொருளில பிழையில்லை, அறவிடுற காலத்திலதான் பிழை. போகத்துக்கு ஒருக்கா அறவிடுங்கோ. முதலீட்டாளருக்கு ஸ்லைட் செய்ய முதல், பரந்தன் கடையளில இருந்து கடன் கொப்பியைப் பாருங்கோ.

அறிவியல்நகரில் பொறியியல் படிச்சவை கொழும்புக்குப் போறது ஆசையில மட்டுமில்லை. இங்க காசு வாற வழி அடைபட்டுக் கிடக்கு. போட்டி வைச்சுப் பரிசு குடுக்கிறவை முதல்ல அதைத் திறக்கச் சொல்லிக் கேக்கட்டும். கைதட்டலைக் கொண்டு சேர்வர் வாடகை கட்டேலாது.