ஐப்பசிக்கு முன்பே வேண்டிய ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஆண்டுதோறும் ஐப்பசி மழை பிடித்து, சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்கள் இருமலும் ஜுரமுமாக ஜனங்களால் நிரம்பிய பிறகே காய்ச்சல் முகாம் நடத்தப் புறப்படும் சுகாதார நிர்வாகத்தின் வழக்கத்தை ஆட்சேபித்து இதை எழுதுகிறேன்.

இன்புளூயன்ஸா எப்பருவத்தில் வரும் என்பது யாரும் அறியாத சங்கதியன்று. இந்தியாவின் பத்து நகரங்களில் நடந்த கண்காணிப்பைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆராய்ச்சி, அந்நோய் ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், டில்லி, புனே, கல்கத்தா முதலிய இடங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னையிலும் வேலூரிலுமோ பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பரிலும் உச்சமடைவதை ஸ்பஷ்டமாகக் காட்டியிருக்கிறது. அதே மழையில் நனையும் நமது சமவெளிக்கும் இது பொருந்தும் என்றே கொள்ள வேண்டும். இதற்கான தடுப்பூசி போட்டுக்கொண்டபின் உடலில் காப்பு உண்டாக இரண்டு வாரமாகுமாதலால், புரட்டாசிக்குள் அதைப் போட்டு முடிப்பது அவசியம். தேசியத் தடுப்பூசித் திட்டத்திலோ இந்த ஊசிக்கு இன்னும் இடமில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் நெய்த மீட்டருக்குக் கூலி வாங்கும் விசைத்தறித் தொழிலாளி, காசு கொடுத்து அதைப் போட்டுக்கொள்வது எங்ஙனம்? அவர் ஒரு வாரம் படுத்தால் அந்த வாரம் வீட்டில் அடுப்பெரிவது கடனில்தான்.

நாமக்கல்லுக்கு இதிலும் பெரிய விசாரம் ஒன்று உண்டு. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்தில் இறங்கித் தேசமெங்கும் பரவிய ஆசிய இன்புளூயன்ஸா, மனிதரைப் பற்றும் கிருமியும் பறவைகளின் கிருமியும் கலந்து பிறந்தது என்பதைப் பிற்கால விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர். இவ்விரண்டும் ஒரே உடலில் ஏககாலத்தில் குடிபுகுந்தால் அத்தகைய கலப்பு மீண்டும் நேரலாம். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் ஊரில், கோழிகளோடு பொழுதெல்லாம் புழங்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மனிதக் காய்ச்சல் வராமல் தடுப்பது அவர்களுக்கு மட்டுமல்ல, லோகத்துக்கே செய்யும் உபகாரமாகும். வெள்ளைக் கழிச்சல் என்னும் கோழி நோய்க்கு எதிராகக் குஞ்சுகளுக்கு நாள் பார்த்துக் கிரமமாக மருந்து கொடுக்கும் பண்ணைகளில், அவற்றுக்குத் தீவனம் போடும் பெண்களுக்குப் பருவத்துக்கொரு ஊசி இல்லையென்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் இரு ஜில்லாக்களின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவும் ஆஸ்துமாவும் உடையோர், பண்ணைத் தொழிலாளர் ஆகியோருக்கு இந்த ஊசியை இலவசமாகப் போட உத்தரவிட வேண்டும். ஜுரத்தோடு வருவோரிடம் தொண்டைச் சளி மாதிரியை வாரந்தோறும் ஓரளவேனும் எடுத்துச் சோதித்து, எந்த வகைக் கிருமி எவ்வூரில் பரவுகிறது என்பதைப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். இவ்வாண்டு ஊசி எப்போது வரும், எத்தனை பேருக்கு வரும் என்பதை இரு மாவட்ட ஆட்சியர்களும் பகிரங்கமாக அறிவிப்பார்களா?

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்செங்கோடு.