மூளைப் படமும் முண்டியம்பாக்கம் வார்டும்

தற்கொலை எண்ணம் ஒருவருக்கு இருக்கிறதா என்பதை அவர் வாய் திறக்காமலேயே மூளைப் படத்தில் பார்த்துவிடலாம் என்ற செய்தி 2017 இறுதியில் உலகமெங்கும் பேசப்பட்டது. அமெரிக்காவின் கார்னகி மெல்லன், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 34 பேரை மூளைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மரணம், கொடுமை, பாராட்டு போன்ற 30 சொற்களைக் காட்டினார்கள். அவர்களில் 17 பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. மற்ற 17 பேருக்கு இல்லை. மூளையின் செயல்பாட்டை வைத்தே கணினி இவ்விரு தரப்பையும் 91 சதவீதம் சரியாகப் பிரித்ததாக 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் கட்டுரை வந்தது. 2023 ஏப்ரலில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எந்தச் சொற்களும் மூளைப் பகுதிகளும் வேறுபாட்டைக் காட்டுகின்றன என்று பொறுக்கி எடுத்ததும், பிறகு அதைச் சோதித்ததும் அதே 34 பேரிடம்தான். விடைத்தாளைப் பார்த்துத் தேர்வெழுதினால் மதிப்பெண் உயரத்தானே செய்யும்! கண்டுபிடிப்புச் செய்தி எட்டிய வாசகர்களில் பத்தில் ஒரு பங்கினரையாவது இந்தத் திரும்பப் பெறும் செய்தி எட்டியிருக்குமா என்பது சந்தேகமே.

இது ஓர் ஆய்வுக்கூடத்தின் சறுக்கல் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால், 2022-ல் ஜெர்மனியில் மனச்சோர்வு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என ஏறத்தாழ 1,800 பேரின் மூளைப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு தரப்புப் படங்களும் 87 சதவீதத்துக்கும் மேல் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. தனியொருவரின் படத்தைக் காட்டி 'இவருக்கு மனச்சோர்வு உண்டா?' என்று கேட்டபோது கிடைத்த துல்லியம் 56 சதவீதத்தைத் தாண்டவில்லை. பூவா தலையா போட்டாலே 50 கிடைத்துவிடும். மூளையின் அமைப்புக்கும் மனிதரின் நடத்தைக்கும் உள்ள தொடர்பை நம்பத்தக்க விதத்தில் நிறுவப் பல ஆயிரம் பேரின் படங்கள் வேண்டும் என்று அதே ஆண்டில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்தத் துறையில் வழக்கமாக ஓர் ஆய்வில் பங்கேற்பவர்களோ இருபது முப்பது பேர்தான். மூளை ஆய்வே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் வெளியிட்ட, கருவிலிருக்கும் சிசுவின் மூளையைச் செல் செல்லாகக் காட்டும் 'தரணி' வரைபடம் தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய வேலை. கட்டி, ரத்தக் கசிவு, பக்கவாதம் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க ஸ்கேனுக்கு இணை இல்லை. இன்னார் உயிரை மாய்த்துக்கொள்வார், இன்னார் மாட்டார் என்று சொல்ல மட்டும் அதற்கு வழி தெரியாது.

சரி, நாளைக்கே ஒரு கருவி 91 சதவீதத் துல்லியத்தோடு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். ஒரு லட்சம் பேருக்கு 25.9, நாட்டின் சராசரியோ 12.4. விழுப்புரம் நகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்குக்கு ஒரு லட்சம் என்றே கொண்டு, அத்தனை பேரையும் அந்தக் கருவிக்குள் அனுப்பினால், ஆபத்தில் இருக்கும் 26 பேரில் 24 பேரை அது பிடித்துவிடும். கூடவே, எந்த ஆபத்தும் இல்லாத சுமார் 9,000 பேர் மீதும் 'ஆபத்து' என்று முத்திரை குத்தும். அப்படி முத்திரை விழுந்த 375 பேரில் ஒருவருக்குத்தான் அது உண்மை. மற்றவர்கள் வரன் பார்க்கும் இடத்திலும் வேலை கேட்கும் இடத்திலும் அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அரிதாக நேரும் ஒன்றை முன்கூட்டிச் சொல்ல முயலும் எந்தக் கருவியாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இன்னும் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. மூளையில் மனச்சோர்வின் தடயத்தைத் தேடும் முயற்சி, தற்கொலை என்பது மனச்சோர்வின் கடைசிப் படி என்று எடுத்துக்கொள்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் அருகிலுள்ள கிராமப்புறத்தில் தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்க்கையை விசாரித்து 2010-ல் வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது 37 பேருக்கு. அதிலும் குடிநோயும், நெருக்கடியைத் தாங்க முடியாத நிலையுமே அதிகம். தீவிர மனச்சோர்வு நோய் இருந்தது 2 பேருக்கு மட்டும். ஓயாத நெருக்கடியும் தீராத உடல்வலியும்தான் மற்றவர்களிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டின. சென்னையில் 1999-ல் வெளியான மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் ஆய்வு இதற்கு மாறாக, இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு மனநோய் இருந்ததாகச் சொல்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. நகரமும் கிராமமும் வேறு, நோயை அளக்கும் முறைகளும் வேறு. ஆனால் செஞ்சி, மயிலம், ஒலக்கூர், மரக்காணம் வட்டாரங்களின் வாழ்க்கை வேலூர்க் கிராமங்களுக்குத்தான் நெருக்கமானது. கடனும் குடியும் வீட்டுச் சண்டையும் முதுகுவலியும் எந்த எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது.

எல்லோரையும் படமெடுக்க வேண்டாம், ஆபத்து அதிகமுள்ளவர்களை மட்டும் எடுத்தால் போதுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபத்து அதிகமுள்ளவர்கள் யார்? ஏற்கெனவே ஒருமுறை முயன்று பிழைத்தவர்கள். அவர்களைத் தேட ஸ்கேன் தேவையில்லை. முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும், புதுச்சேரியில் திண்டிவனம் சாலையில் இருக்கும் ஜிப்மருக்கும் 108 வண்டியில் அவர்களே வந்து சேர்கிறார்கள். மனிதர்கள் உண்மையை மறைப்பார்கள், படம் மறைக்காது என்பது அடுத்த வாதம். அவர்கள் மறைப்பதற்குக் காரணம் போலீஸ் பயமும் ஊர்ப்பேச்சும்தான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம். முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைப் பணியவைப்பதற்காக முயல்வது மட்டும் இன்னும் குற்றம். இந்தச் செய்தி வார்டில் படுத்திருப்பவரின் குடும்பத்துக்கு எட்டினாலே பாதி மறைப்பு விலகும்.

பிழைத்தவருக்கு என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணிநேரப் பேச்சும், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். 2008-ல் வந்த முடிவின்படி, முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 0.2 சதவீதம். பின்னால் வேறு இடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இதற்கு ஆகும் செலவு ஒரு செவிலியரின் நேரமும் ஒரு கைப்பேசியும்தான்.

வேளாண் மாவட்டத்துக்கு இன்னொரு பாடம் இலங்கையிலிருந்து வருகிறது. கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு 1990-களில் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-ல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டுகளில் பாதியானது. யாருடைய மூளையையும் யாரும் படித்துப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் காட்டுமன்னார்கோவில் வட்டாரக் கிராமங்களில் மருந்துகளை ஊர்ப் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முயற்சி நல்ல பலனைக் காட்டியது. அது சிறிய முயற்சி. வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்து இலங்கையில் 180 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. எனவே நம்பக்கூடிய வழி விற்பனைத் தடைதான். தமிழ்நாடு அரசு சில மருந்துகளை 60 நாட்களுக்குத் தடுத்தது நல்ல தொடக்கம். 60 நாள் தடையை வைத்து ஒரு தலைமுறையைக் காப்பாற்ற முடியாது. நிலக்கடலைக்கு மாற்று மருந்து எது என்று சொல்லத் திண்டிவனத்திலேயே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஆகவே விழுப்புரம் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு. முயன்று பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவரையும் ஒன்றரை ஆண்டு விசாரித்துத் தொடர, மாவட்ட மனநலத் திட்டத்தில் அதற்கென்றே ஆட்களை அமர்த்துங்கள். 60 நாள் தடுக்கப்பட்ட பூச்சிமருந்துகளை நிரந்தரமாகத் தடை செய்யும்படி அரசுக்கு எழுதுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: மனம் சரியில்லை என்று யாராவது சொன்னால், மருத்துவர் கேட்காமல் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போய்ப் பணத்தைக் கரைக்காதீர்கள். உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள், சாக எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. டெலி மானஸ் 14416, மாநில அரசின் 104, சிநேகா 044-24640050 ஆகிய எண்களில் பேசலாம்.