காதலை வெட்டினால் போரும் நிற்க வேண்டும்

எட்வர்ட் எல்மர் ஸ்மித் வேதியியல் படித்தவர். 1915இல் வாஷிங்டன் நகரில் இருந்தபோது, சூரியக் குடும்பத்தைக் கடந்து போகும் ஒரு விண்கலத்தின் கதையை எழுதத் தொடங்கினார். எந்திரமும் சண்டையும் வேற்றுக்கோள் மாந்தரும் அவருக்குத் தடையின்றி வந்தன. காதல் காட்சிகளில்தான் பேனா நின்றது. நண்பரின் மனைவி லீ ஹாக்கின்ஸ் கார்பி அந்தப் பகுதிகளை எழுதித் தர முன்வந்தார். ‘தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ 1928 ஆகஸ்டில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழில் இருவர் பெயரிலும் தொடராக வரத் தொடங்கியது. ஸ்பேஸ் ஓபரா என்று இன்று நாம் சொல்லும் வகையின் மூல நூல்களில் அது முக்கியமானது. பிற்காலத்தில் ஸ்மித் திருத்திச் சுருக்கிய பதிப்பில் கார்பியின் பெயர் இல்லை. அந்தப் பெயர் போனதில் ஓர் அநியாயம் இருக்கிறது. எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது: காதலைக் குறைத்தும் அந்தக் கதை சரியவில்லை. கலம் பறந்தது, எதிரி தோற்றான், வாசகர் கைதட்டினார்கள். காதல் அங்கே தொடக்கத்திலிருந்தே இன்னொருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட தனி வேலையாக இருந்தது. அதனால்தான் அதைத் தனியாகக் கழற்றவும் முடிந்தது.

அந்த வேலைப் பிரிவினையை ஒரு நூற்றாண்டு கழித்தும் நாம் கைவிடவில்லை. ஒரே எழுத்தாளர் எழுதும்போதும் போர் ஒரு மனநிலையிலும் காதல் வேறொரு மனநிலையிலும் எழுதப்படுகிறது. கப்பற்படையின் அணிவகுப்புக்கு வரைபடம் போட்டுப் பார்க்கிறவர், நாயகனும் நாயகியும் ஒருவரை ஒருவர் ஏன் நம்பத் தொடங்கினார்கள் என்பதை ஒரு பத்தியில் தள்ளிவிடுகிறார். காதலை மையமாகக் கொண்ட ஸ்பேஸ் ஓபரா என்று சொல்லிக்கொள்ளும் கதைக்கு இரண்டு சோதனைகள் போதும். காதலை எடுத்துவிட்டால் பேரரசின் கதை நின்றுபோக வேண்டும். விண்வெளியை எடுத்துவிட்டால் காதல் நின்றுபோக வேண்டும். ஒன்றில் மட்டும் தேறிய கதை நல்ல சாகசக் கதையாகவோ நல்ல காதல் கதையாகவோ இருக்கலாம், இந்த வகைக்குள் சேராது. இரண்டாவது சோதனையில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். விண்மீன்களுக்கு நடுவே நடக்கும் அவர்கள் காதலை அப்படியே தூக்கி ஒரு கல்லூரி வளாகத்தில் வைத்தாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.

இரண்டிலும் தேறிய நூலுக்கு லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் முதல் நாவலான ‘ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்’ (1986) சிறந்த சான்று. கோர்டிலியா நெய்ஸ்மித், பீட்டா காலனியின் ஆய்வுக் கலத் தலைவி. ஏரல் வோர்கோசிகன், பாரயார் என்ற போர்க்குடிச் சமூகத்தின் தளபதி, கொடியவன் என்று கோள்கள்தோறும் பெயரெடுத்தவன். ஆளில்லாத ஒரு கோளில் தனித்து விடப்பட்ட இருவரும், உணவும் ஆயுதமும் பதுக்கிய கிடங்கை நோக்கிப் பல நாள் நடக்கிறார்கள். கூடவே டுபாயர் என்ற இளம் அலுவலன் வருகிறான். நரம்பைச் சிதைக்கும் ஆயுதம் பட்டு அவன் மூளை பழுதாகிவிட்டது, ஊட்டினால்தான் உண்பான். அவன் கழுத்தை அறுத்துவிடுவதே கருணை என்கிறான் ஏரல், அவன் மண்ணின் வழக்கம் அது. கோர்டிலியா மறுக்கிறாள். பிறகு கைதியும் காவலனுமாக இருவரும் சேர்ந்து அந்த இளைஞனைத் தாங்கி நடக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் உணவு ஓட்ஸும் நீலப் பாலாடைக்கட்டிக் குழம்பும்தான். காதல் பிறப்பதற்கு புஜோல்ட் கொடுத்திருக்கும் இடம் இவ்வளவே. நிலவொளி கிடையாது, அழகு வர்ணனையும் மிகக் குறைவு. ஓர் உயிரின் மதிப்பு பற்றிய வாதத்தில் எதிராளி எப்படி நடந்துகொள்கிறான் என்பதை ஒவ்வொருவரும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையிலிருந்து மதிப்பும், மதிப்பிலிருந்து காதலும் வருகின்றன.

இந்த வாதம் அங்கே முடிவதில்லை என்பதில்தான் புஜோல்டின் கட்டுமானத் திறன் தெரிகிறது. பிறகு மூளும் போரும் முடிந்து கோர்டிலியா ஊர் திரும்பும்போது, எதிரியைக் காதலிப்பவள் மூளைச்சலவை செய்யப்பட்டவளாகத்தான் இருப்பாள் என்று அவளுடைய சொந்த அரசே முடிவு கட்டுகிறது. தாராளமும் அறிவியலும் தன் அடையாளம் என்று சொல்லும் சமூகம் ஒரு பெண்ணின் மனதை நோயாகப் படிக்கிறது. அவள் பாரயாருக்குத் தப்பிப் போகிறாள். அடுத்த நாவலான ‘பாரயார்’ (1991) அங்கிருந்து தொடங்குகிறது. நச்சுத் தாக்குதலில் அவள் கருவிலிருக்கும் குழந்தையின் எலும்புகள் பாதிக்கப்படுகின்றன. செயற்கைக் கருப்பைக்கு மாற்றினால் பிழைக்கலாம், ஆனால் உடல் குறையுடன்தான் பிறக்கும். வேண்டாம் என்கிறார் ஏரலின் தந்தை. டுபாயரை வைத்துத் தொடங்கிய அதே வாதம் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. உள்நாட்டுப் போர் வெடித்து, செயற்கைக் கருப்பை கலகக்காரன் கையில் சிக்கும்போது கோர்டிலியா தலைநகருக்குள் நுழைந்து அதை மீட்கிறாள், கலகக்காரனின் தலை விழுகிறது, போர் முடிகிறது. செயற்கைக் கருப்பை என்ற கருவி இல்லையென்றால் இந்தத் தாம்பத்தியத்தின் நெருக்கடி இல்லை. இந்தத் தாம்பத்தியம் இல்லையென்றால் போரின் முடிவும் இல்லை. அந்த நாவலுக்கு 1992இல் ஹியூகோ விருது கிடைத்தது. அறிபுனை வாசகர்களே வாக்களித்துத் தரும் விருது அது.

‘எ சிவில் கேம்பெயின்’ (1999) இதே தொடரில் வரும் வெளிப்படையான காதல் நாவல். போர்க்களத்தில் தோற்காத மைல்ஸ், கோர்டிலியாவின் அந்த மகன், தான் காதலிக்கும் விதவை எகடரினைப் போர்த் தந்திரத்தால் வெல்லப் பார்த்து அவமானப்படுகிறான். அவள் கணவனை அவனே கொன்றான் என்று ஊர் பேசும்போது அவனால் மறுக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னால் அரசாங்க ரகசியம் வெளியாகிவிடும். முடிவில் பிரபுக்கள் அவையின் நடுவே, அரசியல் வாக்கெடுப்பின் போக்கிலேயே, எகடரின் தானே திருமணம் கேட்கிறாள். அரசியல் முடிச்சும் காதல் முடிச்சும் ஒரே கேள்வியில் அவிழ்கின்றன. பல நூறு பக்கத்துக்குப் பிறகு ஒரு நாவலாசிரியர் இப்படி ஒரு புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவது சாதாரணக் காரியமில்லை. எவரினா மேக்ஸ்வெல்லின் ‘விண்டர்ஸ் ஆர்பிட்’ (2021) வேறு வழியில் அங்கே போகிறது. அதில் கோள்களுக்கு இடையிலான ஒப்பந்தமே ஒரு திருமணம். மணமக்களில் ஒருவன் முந்தைய மணவாழ்வில் வதைபட்டவன் என்ற உண்மை படுக்கையறையில் அடங்காமல் ஒப்பந்தத்தையே உலுக்குகிறது.

எதிர்வாதங்களில் வலுவானது புஜோல்டிடமிருந்தே வருகிறது. 2008இல் டென்வர் நகரில் நடந்த உலக அறிபுனை மாநாட்டில் சிறப்பு விருந்தினராகப் பேசியபோது, காதல் நாவல்கள் அன்பைப் பற்றிய கனவு, துப்பறியும் நாவல்கள் நீதியைப் பற்றிய கனவு, அறிபுனையும் மிகுபுனைவும் பெரும்பாலும் அரசியல் வல்லமையைப் பற்றிய கனவு என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு வாசகர் கூட்டம் இருவர் சேர்வதற்காகக் காத்திருக்கிறது, இன்னொன்று உலகம் மாறுவதற்காகக் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்தால் இரு தரப்புமே முகம் சுளிக்கும். இந்த அவதானிப்பு சரியானது. ஆனால் இதிலிருந்து, காதலும் ஸ்பேஸ் ஓபராவும் சேராது என்ற முடிவுக்குப் போவது தவறு. ‘விண்மீன் கூட்டத்தின் விதி முடிவாகும் வேளையில் இருவருடைய மனத்தாங்கல் முக்கியமா?’ என்று கேட்கிற வாசகர், பெரும்பாலும் அந்த மனத்தாங்கல் விதியோடு பின்னப்படாத கதைகளைப் படித்துச் சலித்தவர். அவர் கோபம் நியாயமானது. தவிர, கோடிக்கணக்கான உயிர் என்ற எண் வாசக மனதில் எதையும் அசைப்பதில்லை. ஒரு கோளின் அழிவை வாசகர் உணர வேண்டுமென்றால் அந்தக் கோளில் திரும்பிப் போக வேண்டிய ஒருவர் இருக்க வேண்டும். காதல் அந்த ஒருவரைத் தருகிறது. அதோடு, இரண்டு நாகரிகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளுமா என்ற அரசியல் கேள்வியை ஒரே மேசையில் உண்ணும் இரண்டு பேர் வழியாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையும் தருகிறது. தூதரகப் பேச்சுவார்த்தையைப் பத்து அத்தியாயம் எழுதினாலும் இந்தக் கூர்மை வராது.

முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்பது அடுத்த குறை. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் காதல் நாவலுக்கு வகுத்த வரையறையே மையமான காதல் கதை, மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு என்ற இரண்டையும் கேட்கிறது. உண்மைதான். துப்பறியும் நாவலிலும் குற்றவாளி அகப்படுவான் என்று தெரிந்துதான் படிக்கிறோம். வாசகரின் பதற்றம் ‘சேர்வார்களா’ என்பதிலிருந்து ‘எதை இழந்து சேர்வார்கள்’ என்பதற்கு நகர்கிறது, அவ்வளவுதான். கோர்டிலியா தன் கோளை, வேலையை, பேர்புகழை இழந்தே சேர்கிறாள். விலையில்லாமல் கிடைத்த சேர்க்கைதான் சலிப்பூட்டும்.

அறிவியல் நீர்த்துப்போகிறது என்ற புகாருக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் அறிவியலிலிருந்து எழுத்துக்கு வந்தவர்கள். கேதரின் அசாரோ ஹார்வர்டில் வேதி இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணக்கிடும் குவாண்டம் கோட்பாட்டைக் கதைச் சட்டகமாக வைத்து அவர் எழுதிய காதல் நாவல் ‘தி குவாண்டம் ரோஸ்’ நெபுலா விருது பெற்றது. அப்படி மறைபொருள் வைப்பது எல்லோருக்கும் கைவராது, தேவையும் இல்லை. சார்பியல் கோட்பாடு ஒன்றே காதலுக்குப் போதுமான சங்கடங்களைக் கொடுக்கும். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செந்தாரி 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ‘நலமா’ என்று கேட்டுப் பதில் வர எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஒளிவேகத்தின் 90 விழுக்காட்டில் பயணம் செய்கிறவருக்குப் பத்து ஆண்டு கழியும்போது வீட்டில் இருப்பவருக்கு ஏறக்குறைய 23 ஆண்டு கழிந்திருக்கும். இந்தக் கணக்கைக் கதையாக்கிக் காட்டியவர் ஜோ ஹால்ட்மன். ‘தி ஃபாரெவர் வார்’ (1974) போரைப் பற்றிய கசப்பான நாவல். ஆனால் அதன் முடிவில் மேரிகே, எப்போது திரும்புவான் என்று தெரியாத காதலனுக்காக ஒரு விண்கலத்தில் ஏறி ஒளிவேகத்தை நெருங்கிப் போவதும் வருவதுமாக இருக்கிறாள், தன் வயது ஏறாமல் காத்திருப்பதற்காக. நாவல் முழுக்க மனிதர்களைப் பிரித்த இயற்பியலை அந்தப் பெண் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். இங்கே அறிவியல் எங்கே நீர்த்தது? மாறாக, புழுத்துளைகளையும் விண்பாய்ச்சலையும் வைத்துத் தூரத்தை ஒழித்துவிடுகிற கதைகள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தூரம் போய்விட்டால் அதன் இடத்தில் சட்டமோ பதவியோ மருத்துவமோ மரபோ வேறொரு தடையாக நின்றாக வேண்டும். புஜோல்ட் புழுத்துளையை வைத்துக்கொண்டே இதைச் செய்கிறார்.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வகைக்கு அந்நியர்கள் என்று தயங்க வேண்டியதில்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’வைக் குமுதத்தில் வாரவாரம் காத்திருந்து படித்த வாசகர்கள் மரக்கலங்களையும் கடாரத்தையும் பேரரசுச் சூழ்ச்சியையும் காதலையும் ஒரே மூச்சில் விரும்பியவர்கள். இன்னும் பின்னால் போனால் நக்கீரரின் நெடுநல்வாடை இருக்கிறது. 188 அடிகளில் ஒரே குளிரிரவின் இரண்டு இடங்கள். அரண்மனையில் யானைத் தந்தக் கால்கொண்ட கட்டிலில் உறங்காத அரசி. பாசறையில் வாடை வீசும்போதெல்லாம் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய, புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி நடக்கும் அரசன். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் இதை அகமென்று கொள்ளக்கூடாது, புறமென்றே கொள்ள வேண்டும் என்றார் நச்சினார்க்கினியர். அவர் இலக்கணத்தோடு நின்று பேசினார். ஆனால் அந்தப் பாட்டின் ஆற்றல் முழுவதும், கட்டிலையும் பாசறையையும் பிரிக்க முடியாதபடி வைத்ததில் இருக்கிறது. அரசன் ஏன் வரவில்லை என்பதற்குப் பாசறை விடை. அவன் வெற்றி ஏன் விரைந்து வர வேண்டும் என்பதற்குக் கட்டில் விடை. விண்கலமும் வேற்றுக்கோளும் வைத்து எழுதுகிறவர் கற்க வேண்டிய அமைப்பு இது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கதையின் திட்டத்தை எழுதும்போது போருக்கு ஒரு தாளும் காதலுக்கு ஒரு தாளும் வைக்காதீர்கள். அந்த இருவரும் எந்த ஒரு கேள்வியில் உடன்படவில்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது அவர்களுடைய இரண்டு உலகங்களும் உடன்படாத கேள்வியாகவும் இருக்கட்டும். முதல் சந்திப்பை, கலத்தின் எந்திரத்தை விவரிக்கும் அதே பொறுமையோடு எழுதுங்கள்: யார் முதலில் விட்டுக்கொடுத்தார், எதைப் பார்த்து எண்ணம் மாறியது, அப்போது கையில் என்ன இருந்தது. விமர்சகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். காதல் இருக்கிறது என்பதற்காக ஒரு நூலை இலேசானது என்று ஒதுக்காமல், அந்தக் காதல் கதையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து எழுதுங்கள். இந்த வகையில் இறங்க நினைப்பவர்கள் ‘ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்’, ‘பாரயார்’ இரண்டையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டும் சேர்ந்து ‘கோர்டிலியாஸ் ஆனர்’ என்று 1996இல் ஒரே தொகுதியாகவும் வந்திருக்கின்றன.