பண்ணைப் பிடிப்பதா, பொருளைப் பார்ப்பதா?

இசைக்கருவியின்றிக் குரலால் மட்டும் பாடப்பெறும் இஸ்லாமிய கீதத்தை அரபு மொழியில் 'நஷீத்' என்பர். இறைவனைப் புகழவும் மணவீட்டை மகிழ்விக்கவும் பாடப்படுவது அது. அதனுள் நஞ்சு புகுத்தப்பட்டதையும் நாம் மறுக்கவில்லை. ஐ.எஸ். இயக்கத்தார் 2013இல் இதற்கெனவே 'அஜ்னாத்' என்ற ஒலிப்பதிவு நிலையத்தை நிறுவினர். பிரெஞ்சிலும் ஜெர்மனிலுங்கூட அவ்வியக்கத்தின் பாடல்கள் இணையத்தில் உலவின. சினிமாப் பாட்டைப் பாவமென்று ஒதுக்கும் இளைஞனும் கருவியற்ற குரலைக் கூச்சமின்றிக் கேட்பான். வாதம் நுழையாத இடத்தில் ராகம் நுழைந்துவிடும். 2011 மார்ச்சில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அமெரிக்க விமானப்படையினர் இருவரைச் சுட்டுக்கொன்றவன், இத்தகைய பாடல்களைக் கேட்டவாறே அங்கு சென்றான்.

2019 ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த இந்நாட்டில், கண்காணிப்பே வேண்டாமென்று யார் சொல்வார்? எவ்வாறு கண்டறிவது என்பதே கேள்வி. பண்ணை வைத்துக் கண்டறிய இயலாது. நல்ல பாட்டுக்கும் நச்சுப் பாட்டுக்கும் மெட்டு ஒன்றாகவே இருக்கலாம். முன்பே அறிந்த ஒலிப்பதிவை இயந்திரம் அடையாளங் காணும். வேகத்தைச் சற்றே மாற்றினால் அதுவும் ஏமாறக்கூடும். 'ஜிஹாத்', 'ஷஹீத்' என்னும் சொற்களைத் தேடினாலோ, வெள்ளிக்கிழமைப் பிரசங்கமே அகப்படும். (தமிழறியாத அதிகாரியின் கையிற் புறநானூறு சிக்கினால் நம் கதி என்னவோ!) பாட்டு யாரைப் பகைவரென்று சுட்டுகிறது, கேட்பவனை எச்செயலுக்கு ஏவுகிறது, எந்த இயக்கத்தின் கொடியைப் போற்றுகிறது, எந்தப் படக்காட்சியோடு இணைக்கப்பட்டுள்ளது என்பவற்றையே ஆராய வேண்டும். அதற்கு மொழி தெரிந்த காது வேண்டும்.

அக்காது இல்லாமையால் விளைந்த அநீதியை நாம் கண்டோம். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதை நூலுக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தையும் போரையும் கண்டிக்கும் கவிதைகளைக் கொண்ட நூல் அது! 19 மாதங்களின் பின்னரே பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இழந்த மாதங்களை எந்த நீதிமன்றம் மீட்டுத்தரும்?

பாட்டையோ கவிதையையோ சாட்சியமாக்கி ஒருவரைத் தடுத்துவைக்க முனையும் அரசு, அம்மொழியும் அச்சமயமும் அறிந்த ஒருவரின் முழு மொழிபெயர்ப்பை முதலிற் பெற வேண்டும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் முதல் நாளிலேயே நீதவான் முன் வைத்து, எதிரியின் சட்டத்தரணிக்கும் பிரதி வழங்க வேண்டும். இதைச் சட்டமாக்குமாறு கோருகிறோம். தமிழ் நூலொன்றைத் தமிழறிந்தவரிடம் கொடுத்துப் படிப்பிக்க ஒரு வாரம் போதும்.