கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா

வானொலியில் பேசுகிறவளுக்குப் படம் எடுக்கும் பைத்தியம் எதற்கு என்று வீட்டில் அடிக்கடி கேட்பார்கள். வாரம் முழுக்க வாயால் பிழைக்கிறேன். வார இறுதியிலாவது கண்ணுக்கு வேலை கொடுக்கலாமே என்பதுதான் என் பதில். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே, பெடாஸ் வீட்டிலிருந்து அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குக் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். நான் போனது ஆ ஃபமோசா கோட்டையைப் பார்க்க அல்ல. அந்தக் கோட்டைக்குக் கல் கொடுத்த தீவைப் படம் பிடிக்க.

கிளேபாங் கடற்கரையில் நின்றால் எதிரே சின்னதாகத் தெரியும் பச்சைத் திட்டு, புலாவ் உப்பே. போர்த்துகீசியர் அதைக் 'கல் தீவு' என்றே அழைத்தார்கள். 1511 ஆகஸ்டில் மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க்கே, உடனே கோட்டை கட்ட ஆரம்பித்தார். கைக்குக் கிடைத்த பள்ளிவாசல்களையும் கல்லறைகளையும் இடித்துக் கல் எடுத்தது போதாமல், இந்தத் தீவின் செம்புறாங்கல்லையும் வெட்டிப் படகில் ஏற்றினார்கள். கோட்டை வேலையில் இறக்கப்பட்டவர்களில், தோற்றுப்போன சுல்தானிடம் அடிமைகளாக இருந்தவர்களும் உண்டு. எஜமான் மாறினான், வேலை மாறவில்லை.

செம்புறாங்கல்லின் கதை சுவாரசியமானது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம்மைப் போன்ற நாடுகளில், மண்ணில் இருக்கும் மற்ற சத்துகளை எல்லாம் மழை கரைத்துக்கொண்டு போய்விடும். இரும்பும் அலுமினியமும் மிஞ்சும். துரு ஏறிய அந்த மிச்சம்தான் இந்தச் சிவப்புக் கல். பூமிக்குள் ஈரமாக இருக்கும்போது கோடரியால் செதுக்கும் அளவுக்கு மெதுவாக இருக்கும். வெட்டி எடுத்து வெளியே போட்டால், காற்றும் வெயிலும் பட்டு இறுகிவிடும். கேரளத்தில் இதற்குப் பெயரே வெட்டுக்கல். மலபாரில் இதைப் பார்த்த ஃபிரான்சிஸ் புக்கானன் என்பவர், லத்தீனில் 'செங்கல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1807. அதே 1807இல்தான் ஆங்கிலேயர்கள் மலாக்காக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்தத் தகர்ப்பை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் நம் வழி வந்த ஒருவர்தான். முன்ஷி அப்துல்லா. தமிழ், அரபு வம்சாவளியில் மலாக்காவில் பிறந்தவர். தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். அப்போது சுமார் பத்து வயதுப் பையன். யானை அளவும் வீடு அளவும் உள்ள கற்கள் பறந்து கடலில் விழுந்ததைப் பிற்காலத்தில் தம் 'ஹிகாயத் அப்துல்லா'வில் விவரித்திருக்கிறார். தீவிலிருந்து கடல் தாண்டி வந்த கல், மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடி கடலுக்கே போனது. மிஞ்சியது ஒரு வாசல். நாமெல்லாம் பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோமே, அந்த வாசல்.

இதையெல்லாம் காரில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் 'ம்' கொட்டினார். நிகழ்ச்சியில் பேசுகிற மாதிரியே பேசுகிறாய் என்றார். அது பாராட்டா என்று கேட்கவில்லை.

இந்த மாதிரி கரையைப் படம் எடுக்க இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, நீர் வற்றும் நேரம். வெட்டிய விளிம்புகள் அலைக்கு மேலே தெரிய வேண்டும் என்றால், கடல் இறங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். இரண்டு, சாய்ந்த வெளிச்சம். செம்புறாங்கல் முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் சிவப்புத் தட்டை. காலை ஏழரை மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கும். இயற்கையாக உடைந்த விளிம்பு எது, மனிதக் கை நேராக வெட்டியது எது என்று அந்த நிழல்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு மீனவர் தம் படகில் கூட்டிப்போகச் சம்மதித்தார். தீவில் இறங்கவில்லை. அழுங்காமைகள் வந்து முட்டையிடும் மணல் அது. நம் கால் அங்கே தேவையில்லை. ஆழம் குறைந்த இடத்தில் படகை நிறுத்தினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி எடுத்தேன். பாறை, அதன் மேல் பாசி, இடுக்கில் நுரை, தூரத்தில் கப்பல். மனிதர் யாரும் இல்லாத, ஐந்நூறு வருட அமைதி. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் அப்பா உள்ளே வந்து விழுந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாறையைத் தடவிப் பார்ப்பதும், குனிந்து விளிம்பில் விரல் ஓட்டுவதுமாக இருந்தார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. படத்தில விழுறீங்க."

தள்ளி நின்றார். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தார். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படகில் போய் உட்கார்ந்துகொண்டார். மீனவர் அவருக்கு ஒரு சிகரெட் நீட்டினார். விட்டுப் பத்து வருடம் ஆகிறது என்று மலாய் மொழியில் அவர் சொன்னது காதில் விழுந்தது.

திரும்பி வரும்போது, பெடாஸ் லிங்கி டோலைத் தாண்டியதும்தான் வாய் திறந்தார்.

"அது நம்ம ரோட்டுக் கல்லும்மா."

புரியவில்லை. அவரே சொன்னார். தோட்டத்தில் அவர் சின்னப் பையனாக இருந்தபோது, தாத்தாவுக்குச் சில மாதம் பால் வெட்டு இல்லாமல் ரோட்டு வேலை கொடுத்தார்களாம். குன்றைச் சரித்து, சிவப்புக் கல்லை வெட்டி, லோரியில் ஏற்றி, தோட்டத்துப் பாதை முழுக்கக் கொட்டி இடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா சாப்பாடு கொண்டுபோவார். "வெட்டுறப்ப வெண்ணெய் மாதிரி இருக்கும். ரெண்டு நாள் வெயில் பட்டா மண்வெட்டி திரும்பி வரும். அதனால மழை வர்றதுக்கு முன்னாடி வெட்டு, காயறதுக்கு முன்னாடி பரப்புன்னு தாத்தா சொல்லுவாரு. அங்க அந்த விளிம்பப் பாத்தேன். மேலேர்ந்து கீழ ஒரே இழுப்பு. வேலை தெரிஞ்சவன் வெட்டினது."

காரில் நான் புத்தகத்திலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் பேசியதை, அவர் விரலால் தடவித் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தன. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. ஆனால் ஒரு படத்திலும் அந்தப் பாறை எவ்வளவு பெரியது என்றே தெரியவில்லை. வெட்டுத் தடம் ஒரு சாணா, ஒரு முழமா? பக்கத்தில் அளவு சொல்ல ஒன்றுமில்லை. அகழ்வாராய்ச்சிக்காரர்கள் கறுப்பு வெள்ளைக் கோல் ஒன்றை வைத்துப் படம் எடுப்பது இதற்குத்தான். கோல் இல்லாதவர்கள் ஆளை நிறுத்துவார்கள். நான் நின்ற ஆளையும் விரட்டியிருக்கிறேன். உருப்படியாக ஒரே ஒரு படம்தான் தேறியது. அழிக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்த படம். ஓரத்தில் அப்பாவின் கையும் கைலியின் ஒரு முனையும் விழுந்திருந்தது. விரல்கள் அந்த விளிம்பின் மேல். கல் வெட்டின் நீளம் அவர் கைக்குச் சரியாக இரண்டு முழம்.

தாத்தா வேலை செய்த படம் ஏதாவது இருக்கிறதா என்று அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன். அலமாரியில் தேடி எடுத்து வந்தது அடையாள அட்டைப் படம். வெள்ளைச் சுவர், மூடிய வாய். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று யாரோ தலையைத் திருப்பி வைத்த மாதிரி ஒரு முகம். மண்வெட்டி இல்லை, குன்று இல்லை, ரோடு இல்லை. தோட்டத்தில் கேமரா வைத்திருந்தவர்கள் பங்களாவைப் படம் எடுத்திருப்பார்கள், புதுப் பாதையைப் படம் எடுத்திருப்பார்கள். வேலை செய்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பழைய தோட்டத்துப் பக்கம் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் இப்போது புல். பாதை மட்டும் அதே சிவப்பு. வளைவில் குன்றைச் சரித்த மேடு இன்னும் நிற்கிறது. மழை அரித்து, ஓரம் மழுங்கி, ஆனால் நடுவில் ஒரு இடம் நேராகவே இருக்கிறது.

"இங்கதான்" என்றார்.

"போய் நில்லுங்கப்பா."

"படத்தில விழுவேனே?"

கேலிதான். ஆனாலும் நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் போய் மேட்டில் கை வைத்து நின்றார். சாய்ந்த வெயிலுக்கு நேரம் கடந்துவிட்டது, வெளிச்சம் சரியில்லை, பின்னால் யாரோ வீசிய பிளாஸ்டிக் பை வேறு. எடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். அவர் வெட்டிய பாதையோ, சீவிய மரமோ, இடித்துக் கட்டிய கோயில் சுவரோ எங்காவது மிச்சம் இருக்கும். இந்த வாரக் கடைசியில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவரோடு அங்கே போய் வாருங்கள். காலையிலேயே போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். அவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.