மண்சரிவுச் செய்தியும் சீலோவாம் கோபுரமும்

மழைக்காலத்தில் நாளிதழ்களின் ஒரு மூலையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வெளியாகும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு; 100 என்றால் ஆயத்தம்; 150ஐக் கடந்தால் வெளியேற வேண்டும். மரண அறிவித்தல்களை ஊன்றி வாசிக்கும் நாம் இதனைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து பலரைப் புதைத்தன. கடவுளின் தண்டனை என்றனர் சிலர். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோதும் மக்கள் அவ்வாறே கருதினர். மாண்டவர்கள் ஏனையோரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று இயேசு தெளிவாக மறுத்தார் (லூக்கா 13). மனந்திரும்புமாறு அவர் அழைத்தது உயிரோடிருந்தவர்களையே.

தண்டனை என்று சொல்லிவிட்டால் ஆராயவேண்டிய தேவை எழாது. சாய்வை வெட்டியவர் யார், வடிகாலை அடைத்தவர் யார், பாதுகாப்பான காணியின்றி ஒரு குடும்பம் லயன் அறையிலேயே தங்க நேர்ந்தது ஏன் என்று எவரும் கேட்கமாட்டார். அறிவியலோ கேட்கிறது. நீர் ஊறிய மண் பிடிப்பை இழக்கிறது; அதற்கு முன்னரே நிலம் வெடிக்கிறது, மரங்கள் சாய்கின்றன, ஊற்றுநீர் கலங்குகிறது. இவற்றைக் காணும் கண்ணைத் தந்தவரும் இறைவனே.

ஞாயிறு திருப்பலியின் முடிவில் திருமண ஓலைகளை வாசிக்கிறோம். மழை நாட்களில் அவற்றோடு இவ்வெச்சரிக்கையையும் வாசிக்கலாம். பாதுகாப்பான இடத்தில் ஆலய மண்டபம் இருக்குமாயின், அதன் திறப்பு இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து.